குழலில் நாலு விரல்

குட்மேய்ஸ்,
15 செப்டெம்பர் 2024

மச்சான் யாக்கோப்பு,

உன்ர மனுசி ஜெஸ்ரின் தீர்ப்புச் சொல்லிப்போட்டாள். நானும் நீயும் இனிப் போனில கதைக்கக் கூடாதாம். போன ஞாயிறு பார்க்கிங் ஊரில நடந்த ஞானஸ்நான விருந்தில நாங்கள் கத்தின கத்தில பிள்ளை வீரிட்டு அழுது, பாதிரியாரும் சாப்பாட்டுக் கோப்பையோட எழும்பி வந்திட்டார். நான் வெட்டத்தான் வேணும் எண்டுறன், நீ உயிர் போனாலும் வெட்ட விடமாட்டன் எண்டுறாய். சனம் ஆரையோ வெட்டப்போறம் எண்டுதான் நினைச்சிருக்கும். கடிதமெண்டா ஆளையாள் மறிச்சுக் கதைக்க ஏலாது, ஆனபடியால் எழுதித் தீருங்கோ எண்டு ஜெஸ்ரின் எனக்கொரு தாள் தபால் முத்திரை, உனக்கொரு தாள் முத்திரை வாங்கித் தந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில என்னோட ஒரே வாங்கில இருந்து படிச்சவள் இண்டைக்கு எனக்கு நீதவான்.

சரி, விஷயத்துக்கு வாறன். மான் சுடுற எங்கட துவக்கின்ர குழல் எனக்கு நீளம் கூட. அதைக் கட்டையாக்க வேணும். ரெண்டு பேற்ற லைசென்ஸிலயும் இருக்கிறது ஒரே துவக்கு, ஒருத்தற்ற சம்மதமில்லாம மற்றவர் அதில ஒரு ஆணியையும் தொடக் கூடாது எண்டு வாங்கின அண்டைக்கே கைகுடுத்தனாங்கள். அந்த வாக்கை நான் மீறமாட்டன். அதாலதான் உன்னட்டைக் கெஞ்சவேண்டிக் கிடக்கு.

எசெக்ஸில ஹொட்ஜஸின்ர காட்டில நான் இருக்கிற பரண் உனக்குத் தெரியும், படத்திலதான் பாத்திருக்கிறாய். மரத்தோட சாத்தின ஏணி, ஒரு ஆள் இருக்கிற பலகை, முன்னால இடமும் வலமுமா ரெண்டு இரும்புத் தூண். போன வெள்ளிக்கிழமை விடியக் கொம்பன் மான் ஒண்டு வந்தது. இடப்பக்கத்தால வருமெண்டு நான் பாத்துக்கொண்டிருக்க, அது வலப்பக்கத்தால வந்து நிண்டு என்னையே பாக்குது. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஆறுதலாத் துவக்கைத் திருப்பினன். டங் எண்டு குழல் தூணில அடிச்சுது. கொம்பனையும் காணேல்லை, அதுக்குப் பின்னால வந்ததுகளையும் காணேல்லை. அதுக்கு முந்தின கிழமையும் இதே கூத்துத்தான்.

ஹொட்ஜஸ் டிசெம்பர் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் எனக்குத் தவணை தந்திருக்கிறார். மான் கூட்டம் அவற்ற பயிரை மேய்ஞ்சு முடிக்குது. நான் சுட்டுக் குறைக்காட்டில் காட்டை வேற ஆக்களிட்டைக் குடுத்திடுவாராம். மச்சான், எனக்கு அந்தக் காடு வேணும். கிழமை முழுக்க ஆசுப்பத்திரியில ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறன், என்னைக் கண்டவுடன எல்லாரும் முகத்தை மற்றப்பக்கம் திருப்புகினம். காட்டில ஒருத்தரும் என்னைக் கண்டு முகம் திருப்பிறேல்லை. அந்தப் பலகையில இருக்கேக்க எனக்கு வாற சந்தோசம் வேற எங்கயும் வாறேல்லை. இதுக்குமேல வெளியாச் சொல்ல எனக்குத் தெரியாது.

யோசிச்சு எழுது. கத்தாம எழுது.

கிளறிற்றா

*

ஹரோ,
19 செப்டெம்பர் 2024

திருமதி கிளறிற்றா அவர்களுக்கு,

தங்களின் கடிதம் கிடைத்தது. தங்கள் கோரிக்கையை நான் கவனமாகப் பரிசீலித்து, முடியாது என்று தீர்மானித்துள்ளேன்.

இப்பிடி எழுதத்தான் நினைச்சனான். ரெண்டு வரிக்கு மேல ஏலேல்லை. ஒரே நாளில ஒரே தண்ணியில ஞானஸ்நானம் வாங்கின உனக்கு நான் "தங்கள்" போட்டா, ஜெஸ்ரின் கண்டு சிரிச்சுச் செத்துப்போவாள்.

முதல் விஷயம், வெட்டினதை ஒட்ட ஏலாது. தலைமயிரெண்டாத் திரும்ப வளரும். இரும்பு வளருமோ? ரெண்டாவது, குழல் நீளமா இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. வெடிமருந்து எரிஞ்சு ரவையைத் தள்ளிக்கொண்டு போறதுக்கு அந்த இடம் வேணும். ஒரு அங்குலம் குறைஞ்சாச் செக்கனுக்கு இருபத்தைஞ்சு அடிபோல வேகம் குறையும் எண்டுறாங்கள். நீ எண்பது யார் தூரத்தில சுடுறாய். நான் வருசத்துக்கு ஒருக்கா ஸ்கொட்லாந்து மலையில இருநூறுக்கும் அங்கால சுடுறன். அங்க ரவை இவ்வளவு வேகத்துக்குக் குறையக் கூடாதெண்டு மானுக்காகச் சட்டமே போட்டு வைச்சிருக்கிறாங்கள். அதோட கட்டைக் குழலில சத்தம் கூட, வாயில நெருப்பும் கூட. முன்னுக்குப் பாரம் இருந்தாத்தான் என்ர கை ஆடாம நிக்கும். வருசம் முழுக்க ரெண்டுதட்டு பஸ்ஸை உலுப்பிக்கொண்டு ஓட்டுற கை இது.

நீ எப்பவும் சின்ன ஊசி பிடிக்கிறவள். உனக்கு எல்லாம் கட்டையா இருக்கவேணும். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம். பின்னால ஒரு தலையணி வைச்சு இரன். இல்லாட்டி ஹொட்ஜஸிட்டைச் சொல்லி அந்தத் தூணை அறுத்து எறி. அறுக்கிறதெண்டா அதை அறு.

ஒக்டோபரில எனக்கு மலை இருக்கு. அந்த ஒரு கிழமைக்காகத்தான் நான் மற்றக் கிழமையெல்லாம் ஹரோவில றவுண்டபவுட்டைச் சுத்திறன். அதில கைவைக்காத, மச்சாள்.

யாக்கோப்பு

*

குட்மேய்ஸ்,
23 செப்டெம்பர் 2024

மச்சான்,

தனக்குத் தனக்கெண்டாச் சுளகு படக்குப் படக்கெண்ணுமாம். உன்ர ஒரு கிழமை பெரிசு, என்ர வருசம் முழுக்கச் சின்னனோ?

தலையணி வைச்சாச்சு. தலையணி வைச்சா நான் இன்னும் முன்னுக்குப் போறன், குழலும் முன்னுக்குப் போகுது. அந்த மண்டையில இதுகூட ஓடேல்லையோ? தூண் பரணைத் தாங்கிற தூண். அதை அறுத்தா நான் மான் மேல விழுந்துதான் அதைக் கொல்லவேணும்.

நான் சும்மா இருக்கேல்லை. துவக்குப் பட்டறைக்குப் போய் எல்லாம் கேட்டுப்போட்டன். சத்தம் கூடும் எண்டது உண்மைதானாம், அதை நான் ஒத்துக்கொள்ளுறன். வேகமும் கொஞ்சம் குறையுமாம். ஆனா எங்கட ரவைக்கு வேகம் கனக்க மிச்சம் கிடக்காம், மூண்டு நாலு அங்குலம் போனாலும் உன்ர ஸ்கொட்லாந்துச் சட்டத்துக்கு மேலதான் நிக்குமாம். குறி பிழைக்கும் எண்டு நீ விருந்தில கத்தினாய் பார், அது சுத்தப் பொய். கட்டைக் குழல் விறைப்பாம், சுடேக்க குறைவாத்தான் அதிருமாம். ஆக்கள் நினைக்கிறதுக்கு நேர் எதிர்.

முன்பாரத்தைப் பற்றி எழுதினாய். மறந்து போனியோ, நாங்கள் நுனியில சத்தம் குறைக்கிற குழாய் வேற பூட்டி வைச்சிருக்கிறம். இப்ப அது முருங்கைக்காய் நுனியில தேங்காயைக் கட்டின மாதிரிக் கிடக்கு. பட்டறையில ஒரு கட்டைத் துவக்கைத் தூக்கிப் பாக்கத் தந்தாங்கள். யாக்கோப்பு, நான் தோளில வைச்சவுடனேயே அது என்னோட வந்திட்டுது. கீழ வைக்க மனம் வரேல்லை, அவ்வளவு சந்தோசம். இவ்வளவு காலமும் நான் உன்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறன்.

லைசென்ஸுக்கு வந்த பொலிஸ்காரர் உனக்குத் துவக்கோட முன் அனுபவம் இருக்கோ எண்டு கேக்க, நீ என்ன சொன்னனி? "ஊரில துவக்குக்கு முன்னால நிண்ட அனுபவம்தான் இருக்கு, பின்னால நிக்கிறது இதுதான் முதல்தரம்." அந்த மனிசன் பேனையை வைச்சிட்டுத் தேத்தண்ணியை ஒரே மிடறில குடிச்சுது. எனக்கும் அதே அனுபவம்தான். பின்னால நிக்கிறதெண்டு வந்தாப்பிறகு எனக்கு அளவான ஒண்டுக்குப் பின்னால நிக்க விடன்.

இந்தச் சனிக்கிழமை நீ வந்து என்ர பரணில இரு. நான் கீழ காரில இருக்கிறன். ஒரு சொல்லும் பறையமாட்டன், ஜெஸ்ரினுக்குச் சத்தியம். இருந்து பாத்திட்டுச் சொல்லு.

கிளறிற்றா

*

ஹரோ,
1 ஒக்டோபர் 2024

மச்சாள்,

முதல்ல ஒண்டு. சனிக்கிழமை நடந்ததை ஜெஸ்ரினுக்குச் சொல்லாத. நான் மழையெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

ஏணியில ஏறவே எனக்கு அரை உயிர் போச்சு. பலகையில குந்தினா முழங்கால் ரெண்டும் தாடையில முட்டுது. ஆறடி ரெண்டங்குல மனிசனைக் கொண்டுபோய்க் கிளிக்கூட்டுக்குள்ள விட்டால் வேற என்ன நடக்கும்? ஆனா வெளிச்சம் வரேக்க எல்லாம் மறந்துபோச்சு. நீ சொன்னது சரிதான், அது ஒரு அருமையான காடு. பனி மெல்ல மெல்ல எழும்புது. ஒரு நரி எனக்குக் கீழால தன்ர பாட்டுக்குப் போகுது. பிறகு ஒண்டு, ரெண்டு, அஞ்சாறு எண்டு மான் வந்து நிரம்பிப் போச்சு. 

நல்ல கொம்பன் ஒண்டு வலப்பக்கம் நிண்டுது. திருப்பினன். நீ காரில இருந்து டங் எண்ட சத்தத்தைக் கேட்டிருப்பாய். நீ சிரிச்சதும் எனக்குக் கேட்டது. பறையமாட்டன் எண்டாய், சிரிக்கமாட்டன் எண்டு சொல்லேல்லைத்தான்.

அதுக்காக நான் தோத்திட்டன் எண்டு நினைக்காத. இறங்க முதல் அதில இருந்து ஒரு கணக்குப் பாத்து வைச்சிருக்கிறன். என்ன கணக்கெண்டு இப்ப சொல்லமாட்டன். முதல்ல மலைக்குப் போட்டு வாறன். துவக்கை எட்டாம் திகதி வந்து எடுக்கிறன். ஒக்டோபர் முடியட்டும், பேந்து பாப்பம்.

யாக்கோப்பு

*

குட்மேய்ஸ்,
8 ஒக்டோபர் 2024

யாக்கோப்பு,

துவக்கை எடுக்க வரேக்க நீ வாசலில நிண்டு என்ர முகத்தைப் பாக்காமப் போனாய். நானும் பாக்கேல்லை. இப்ப எழுதிறன்.

ஞாயிற்றுக்கிழமை நான் காட்டுக்குப் போக, கேற்றடியில மூண்டு லாண்ட்ரோவர் நிண்டுது. ஹொட்ஜஸ் அதில வந்த வேற வேட்டைக்காரருக்குக் காட்டைச் சுத்திக் காட்டிக்கொண்டு நிண்டார். என்னைக் கண்டிட்டுக் கை காட்டினார். அவர் நல்ல மனிசன், ஒளிக்கத் தெரியாது. அதில ஒருத்தன் என்ர பரணில ஏறி இருந்து பாத்தான். என்ர பரணில.

எனக்குத் துவக்கு இல்லை. நத்தாருக்கு முதல் எனக்குக் கிடைக்கிற சனிக்கிழமையள் கொஞ்சம்தான். அதிலயும் ரெண்டை நீ மலைக்குக் கொண்டு போறாய். "பேந்து பாப்பம்" எண்டு எழுதியிருக்கிறாய். உன்ர பேந்து வரேக்க நான் கேற்றுக்கு வெளியில நிப்பன்.

எனக்குக் கோவம். இதைக் கடிதத்திலயும் கத்தித்தான் எழுதிறன்.

கிளறிற்றா

*

ஸ்கொட்லாந்து, மலையடிவாரம்,
17 ஒக்டோபர் 2024

என்ர மச்சாள்,

இஞ்ச சிக்னல் இல்லை. இருந்திருந்தா உனக்குப் போன் எடுத்திருப்பன், ஜெஸ்ரின் என்ன செய்தாலும் செய்யட்டும். எனக்குச் சொல்லாம இருக்க ஏலேல்லை.

நேற்றுக் காலமையில இருந்து மழைத் தூறல். மலைக் காவல்காரரும் நானும் ஒரு கலைமானைக் கண்டிட்டம். கொம்பெண்டாக் கொம்பு. காத்து எங்கட முகத்துக்கு. எழும்பி நடந்தாக் கண்டிடும், அதால ஒரு நீரோடைக்குள்ளால வயித்தில ஊர்ந்தம். எனக்கு முன்னால துவக்கு, துவக்குக்கு முன்னால அந்த நீளக் குழல், அதின்ர நுனியில குழாய். முழங்கையால ஊண்டி ஊண்டி, கழுத்துக்குள்ளால தண்ணி ஓட, கடைசியா மேட்டில தலையை வைச்சு எட்டிப் பாக்கிறன், மான் அப்பிடியே நிக்குது. துவக்கைத் தோளுக்கு எடுத்தன்.

காவல்காரர் என்ர துவக்கைப் பிடிச்சு இழுத்தார். நுனியைக் காட்டினார். குழாயின்ர வாய் முழுக்கச் சேறு அடைச்சுக் கிடக்கு. நான் ஊர்ந்த இடமெல்லாம் அந்த நீள மூக்கு எனக்கு முன்னால போய்ச் சேத்தைக் குத்தியிருக்கு, எனக்குத் தெரியவேயில்லை. அப்பிடியே சுட்டிருந்தாக் குழல் வெடிச்சு முகத்தில அடிச்சிருக்கும். மனிசன் அதைப் பறிச்சு எடுத்தார். தன்ர துவக்கை என்ர கையில வைச்சார்.

கிளறிற்றா, அது கட்டைத் துவக்கு. உன்ர வாயால நீ சொன்ன அதே கட்டை. தோளில வைச்சவுடன என்னோட வந்திட்டுது. ஒரு ரவை. மான் ரெண்டு எட்டு வைச்சு அப்பிடியே சரிஞ்சுது. அந்தத் தூரத்தில அது நீளக் குழலோ கட்டைக் குழலோ எண்டு அந்த மானும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. மலையில இருந்து இறங்கி வரும்வரைக்கும் நான் உன்னை நினைச்சு நினைச்சுச் சிரிச்சன். காவல்காரர் எனக்குக் குளிர் மண்டைக்கு ஏறீட்டுது எண்டு நினைச்சு விஸ்கி தந்தார்.

போன கடிதம் ஹரோவில கிடைச்சுது, பையில வைச்சு இஞ்ச கொண்டு வந்து திரும்பத் திரும்ப வாசிச்சன். என்ர பரண் எண்டு ரெண்டு தரம் எழுதியிருக்கிறாய். எனக்கு வெக்கமாப் போச்சு.

வெட்டு. ஆனா நாலு விரல் மட்டும். அதுக்கு மேல ஒரு மயிரிழையும் வேண்டாம், அதுக்குக் குறையவும் வேண்டாம். நாலு விரல் எண்டு நான் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. துவக்கை ஞாயிறு கொண்டு வந்து தாறன், அடுத்தநாளே பட்டறையில குடு.

யாக்கோப்பு

*

குட்மேய்ஸ்,
28 நவம்பர் 2024

மச்சான்,

துவக்கு வந்திட்டுது. ஜெஸ்ரின் மீன் வாங்க குட்மேய்ஸுக்கு வந்திருக்கிறாள், தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ள எழுதிக் குடுத்துவிடுறன்.

பட்டறையில ஒரு மாதத்துக்கு மேல இழுத்தடிச்சுப்போட்டாங்கள். வெட்டினாப்பிறகு குழாய் பூட்ட நுனியில திரும்பப் புரி போட்டு, அதைச் சோதனைக்கு அனுப்பி, முத்திரை குத்தி வரவேணுமாம். அது வரும்வரைக்கும் நான் நித்திரை கொள்ளேல்லை. குடுக்கேக்க பட்டறைக்காரர் எவ்வளவு வெட்ட எண்டு கேட்டார். நாலு விரல் எண்டன். விரலெண்டா அங்குலத்தில எவ்வளவு எண்டார். நான் குழல் நுனியில கையை வைச்சுக் காட்ட, அவர் அடிமட்டத்தைப் பிடிச்சுப் பாத்து, மூண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய, சரிதானே எண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கட ஆக்கள் சோத்துக்குத் தண்ணி விடுறதே விரலாலதான், ஒருநாளும் குழைஞ்சதில்லை எண்டன். அவருக்கு அது விளங்கேல்லை, எண்டாலும் எழுதி எடுத்தார்.

பேந்து சுட்டுப் பாத்தம். வேகம் பாக்கிற மெசின் வைச்சு, முந்தியைவிட எழுபது அடிபோலதான் குறைஞ்சிருக்கெண்டு காட்டினார். உன்ர மலைச் சட்டத்துக்கு இன்னும் எவ்வளவோ மேல. சத்தம் கொஞ்சம் கூடத்தான், அதில நீ சொன்னதுதான் சரி. நூறு யார் தூரத்தில சுட்ட மூண்டு ஓட்டையையும் ஒரு ஐஞ்சு பென்ஸ் காசால மூடலாம். பட்டறைக்காரர் கடதாசியைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார், திரும்பக் கடதாசியைப் பாக்கிறார். எனக்குத் துள்ள வேணும்போல கிடந்தது, அங்க துள்ளேல்லை. காருக்கு வந்துதான் துள்ளினன்.

வெட்டின துண்டை ஜெஸ்ரினிட்டைக் குடுத்து விடுறன். மீனோட சேத்துக் கழுவிப்போடாதையுங்கோ. அதில பாதி உன்ரதானே.

சனிக்கிழமை விடிய காட்டுக்குப் போறன். பெண்மான் சுடுற காலம் தொடங்கிட்டுது. ஹொட்ஜஸ் போனமுறை கண்டபோது ஒண்டும் சொல்லேல்லை, நத்தாரை மட்டும் ஞாபகப்படுத்தினார். லாண்ட்ரோவர்காரர் பேந்தும் வந்து போனவையாம். எனக்காகப் புனித அந்தோனியாரை மன்றாடு.

கிளறிற்றா

*

ஹரோ,
28 நவம்பர் 2024, பின்னேரம்

கிளறிற்றா,

போகாத. சனிக்கிழமை போகாத.

ஜெஸ்ரின் கொண்டு வந்து தந்த துண்டை மேசையில வைச்சு என்ர கையை வைச்சுப் பாத்தன். மூண்டு விரல். நாலாவது விரல் வெளியில நிக்குது. ஜெஸ்ரினும் தன்ர கையை வைச்சுப் பாத்தாள், அவளுக்கு நாலு விரலும் கணக்கு. அப்பதான் எனக்கு விளங்கினது. அடி விசரி, நான் சொன்னது என்ர நாலு விரலை. நீ உன்ர குஞ்சு விரலை வைச்சு வெட்டியிருக்கிறாய்.

என்ன கணக்கெண்டு அப்ப நான் சொல்லேல்லைத்தானே, இப்ப சொல்லுறன். அண்டைக்கு உன்ர பரணில டங் எண்டு அடிச்ச பிறகு, குழல் தூணைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டு நிக்குது எண்டு விரல் வைச்சுப் பாத்தன். சரியா நாலு விரல். என்ர நாலு விரல். அது போனாத்தான் தூணில முட்டாமத் திரும்பும். அதாலதான் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் எண்டு எழுதினன். இப்ப ஒரு விரல் மிச்சம் நிக்குது. அந்த ஒரு விரல் போதும் டங் எண்டுறதுக்கு. மான் கூட்டம் முழுக்க ஓடினா ஹொட்ஜஸ் அண்டைக்கே கேற்றைப் பூட்டிப்போடுவார்.

நான் மறுத்து மறுத்து நிண்டவன்தான். இப்ப நான் கெஞ்சிறன். திங்கள் பட்டறைக்குக் கொண்டுபோய் மிச்ச விரலையும் வெட்டு. திரும்பப் புரி, திரும்ப முத்திரை, நாள் போகும் எண்டு தெரியும். நானே வந்து ஹொட்ஜஸிட்டை நத்தாருக்குப் பிறகும் தவணை கேக்கிறன். நீ காட்டை இழக்கிறதை என்னால பாத்துக்கொண்டிருக்க ஏலாது. அந்தப் பலகையில நானும் இருந்தவன்.

இதை இப்பவே போய்ப் போடுறன். உனக்கு நேரத்துக்குக் கிடைக்குமோ தெரியாது. ஜெஸ்ரினிட்டைப் போனுக்கு அனுமதி கேக்கப் போறன்.

யாக்கோப்பு

*

குட்மேய்ஸ்,
2 டிசெம்பர் 2024

மச்சான்,

உன்ர கடிதம் இண்டைக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை ரா வேலை முடிச்சு நேரே காட்டுக்குப் போனனான், போனை வியாழன் பின்னேரமே நிப்பாட்டிப்போட்டன். திரும்பி வந்து திறந்து பாத்தா உன்ர அழைப்பெண்டா அழைப்பு, எண்ணேலாது. அதுக்குள்ள ஜெஸ்ரின்ர நம்பரும் கிடக்கு. நீதவானே தன்ர சட்டத்தைத் தானே உடைச்சிருக்கிறா.

நடந்ததைச் சொல்லுறன், இருந்து கேள்.

வெள்ளை பூத்த குளிர். நான் பலகையில ஏறி, முதுகு மரத்தில முட்டப் பின்னுக்கு இருந்தன். கனநேரம் ஒண்டுமில்லை. ஒரு றொபின் வந்து துவக்கில இருந்திட்டுப் போச்சு. பிறகு, வழக்கம்போல, நான் பாக்காத வலப்பக்கத்தால ரெண்டு பெண்மான். முன்னுக்கு வந்தது நிண்டு காதை விடைச்சுது. நான் திருப்பத் தொடங்கினன். தூண் கிட்ட வருது. டங் எண்டு கேக்கப்போகுது எண்டு பல்லைக் கடிச்சன். கேக்கேல்லை. குழல் தூணைத் தாண்டிச் சத்தமில்லாமப் போய் மான்ர தோளில நிண்டுது. ரவை போய்ப் புதையக் கீழ நல்ல மண், பின்னால ஒருத்தருமில்லை. விசையை அமத்தினன். மற்ற மான் தலையைத் தூக்கிப் பாத்துக்கொண்டு நிண்டுது. அதையும் எடுத்தன்.

இறங்க முதல் தூணுக்கும் குழல் வாய்க்கும் இடையில விரல் விட்டுப் பாத்தன். என்ர சின்னி விரல் மட்டும்தான் போகும். ஏன் அப்பிடித் தப்பினது எண்டு அப்ப எனக்குத் தெரியாது. இண்டைக்கு உன்ர கடிதத்தை வாசிச்சவுடன தெரிஞ்சுது. உன்ர முழங்கால் முட்டினபடியால் நீ முன்னுக்கு வந்து குந்தியிருந்தனி. தோளும் முன்னுக்கு, வயிறும் முன்னுக்கு. நான் பின்னுக்குக் கடைசி வரை போய் இருக்கிறவள். உன்ர உடம்புக்கு உன்ர நாலு விரல், என்ர உடம்புக்கு என்ர நாலு விரல். உன்ர கணக்கும் பிழையில்லை, என்ர வெட்டும் பிழையில்லை.

சத்தம் கேட்டு ஹொட்ஜஸ் டிராக்டரில வந்தார். ரெண்டையும் பாத்தார். தன்ர திறப்பு வளையத்தில இருந்து கேற்றுப் பூட்டின்ர திறப்பைக் கழட்டி என்ர கையில வைச்சார். பிறகு சொன்னார்.

"காடு உனக்குத்தான். அந்த லாண்ட்ரோவர்காரருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

நான் நிண்ட இடத்தில அழுதிட்டன். அந்த மனிசன் மானுக்காக அழுறன் எண்டு நினைச்சு, அது நோகாமத்தான் போனது எண்டு எனக்கு ஆறுதல் சொன்னார். நான் திருத்தேல்லை. திறப்பு இப்ப என்ர கழுத்துச் சங்கிலியில, மாதா பதக்கத்துக்குப் பக்கத்தில தொங்குது.

இனி ஒண்டு கேள். அந்த மிச்ச ஒரு விரலை வெட்டமாட்டன். நீ சரியெண்டாலும் வெட்டமாட்டன். அது உன்ர. அடுத்த ஒக்டோபரில மலைக்கு நீ அதைக் கொண்டு போ, ஆனா நுனிக்கு ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு போ, சேறு போகாது. வெட்டின துண்டையும் வைச்சிரு. உன்ர விரலில மூண்டு, என்ர விரலில நாலு. ஆரும் கேட்டா ரெண்டும் சரியெண்டு சொல்லு.

ஞாயிறு பூசை முடிய இறைச்சியோட ஹரோவுக்கு வாறன். ஜெஸ்ரினை மிளகு கூடப் போட்டு இடிச்சு வைக்கச் சொல்லு. நீ தேங்காய் துருவு. கடிதத்தில உன்னை மறிச்சுக் கதைக்க ஏலாம நான் பட்ட பாட்டை வந்து நேரில சொல்லுறன்.

ஜெஸ்ரின் தந்த தாளில இதுதான் கடைசி முத்திரை. இனிப் போன் எடு.

கிளறிற்றா